டயாக்ஸிக்கு ‘இருவளர்ச்சி’

நண்பர்களுக்கு வணக்கம்.

நுண்ணுயிர்கள் ஓர் உணவு தீர்ந்ததும் சற்றுத் தேங்கி, பிறகு இன்னொன்றைக் கொண்டு மீண்டும் வளர்வதே டயாக்ஸி (diauxie). இதற்குத் தமிழ்ச் சொல்லாக முன்மொழியப்பட்ட ‘ஈருணவு வளர்ச்சி’யை என்னால் ஏற்க முடியவில்லை. பாக்டீரியா இரண்டு சர்க்கரைகளையும் ஒருசேர உண்டு வளர்வதாக அது பொருள்படும். நடப்பது நேர்மாறு. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த ஊடகத்தில் ஈ.கோலை பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டுமே பயன்படுத்துகிறது. குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை, லாக்டோஸைக் கொண்டுவரும் புரதம் தடுக்கப்பட்டிருக்கும். அதற்கான மரபணுக்களும் ஏறக்குறைய முடங்கியே கிடக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி தேங்குகிறது. லாக்டோஸை உடைக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதி போதிய அளவு உருவான பிறகே வளர்ச்சியின் இரண்டாவது ஏற்றம் தொடங்குகிறது.

ஈஸ்ட்டையும் பாருங்கள். நாம் கொடுப்பது குளுக்கோஸ் மட்டும். ஈஸ்ட் அதை எத்தனாலாக்கிவிட்டு, குளுக்கோஸ் தீர்ந்தபின் ஆக்சிஜன் இருந்தால் அந்த எத்தனாலைக் கொண்டே மீண்டும் வளர்கிறது. ‘ஈருணவு’ என்று படித்த மாணவர் இரண்டாவது உணவை யார் கொடுத்தார் என்று தேடுவார்.

‘இருபடி வளர்ச்சி’ என்றால் கணக்கில் வரும் இருபடிச் சமன்பாட்டோடு மோதும். ‘இடைநின்ற வளர்ச்சி’ பள்ளி இடைநிற்றலைத்தான் நினைவூட்டுகிறது. மீண்டும் வளர்வது அதில் இல்லை.

என் பரிந்துரை ‘இருவளர்ச்சி’. 1941-இல் பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மோனோ, வளர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் டயாக்ஸியை ஆக்கினார். உணவு அதில் இல்லை. அவருடைய சோதனையே இதற்குச் சான்று. குளுக்கோஸும் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் குளுக்கோஸின் பங்கு கூடினால் முதல் ஏற்றம் உயர்ந்தது, சார்பிட்டாலின் பங்கு கூடினால் இரண்டாவது ஏற்றம் உயர்ந்தது. தனித்தனியே அளக்கக்கூடிய இரண்டு வளர்ச்சிகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூன்று ஏற்றங்கள் வந்தால் ‘மூவளர்ச்சி’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

‘ஈர்வளர்ச்சி’ என்று எழுதிய நண்பருக்கு: உயிரெழுத்துக்கு முன்தான் ‘ஈர்’ வரும், ஈருருளி போல. மெய்க்கு முன் ‘இரு’. ஈர்ப்போடு குழம்பும் ஆபத்தும் உண்டு.

இரண்டு ஏற்றங்களுக்கு இடையிலான காலத்தை ‘ஓய்வுக்காலம்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். செல்கள் அப்போது புதிய நொதிகளை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. சில முந்தி மாறுகின்றன, சில பிந்துகின்றன. தேங்குவது மொத்தக் கூட்டத்தின் பெருக்கம்தான். ஆகவே ‘இடைத்தேக்கம்’ என்று வைக்கலாம். புதிய ஊடகத்தில் இட்டவுடன் வரும் முதல் தாமதத்துக்குத் ‘தொடக்கத் தேக்கம்’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும். பாடம் நடத்துபவர்கள் இந்த இணையை வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.