உதவி: கார்னிவல் ஸ்டாலுக்கு இன்சூரன்ஸ் கேக்குறாங்க, யாராச்சும் எடுத்திருக்கீங்களா?

லயத்துப்பொண்ணு | வியாழன், இரவு 11:42
வணக்கம் எல்லாருக்கும். அவசரம். தீபாவளிக்கு முன்னாடி இங்க மலேசியாவுல ஈப்போல ஒரு மால் கார் பார்க்ல கைவினைச் சந்தை போடுறாங்க, எனக்கு இடம் கெடச்சு டெபாசிட்டும் கட்டிட்டேன், இப்பதான் பாரத்த ஒழுங்கா படிக்கிறேன், மூணாவது பக்கத்துல பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் அனுப்பணும்னு போட்டுருக்கு, இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்கு போயிருமாம். நான் வீட்ல செஞ்சு விக்கிறவ, கடை எல்லாம் கெடையாது. சுங்கை சிப்புட்ல இத யார்கிட்ட கேக்குறது? எங்க காடிக்கு (காருக்கு) இன்சூரன்ஸ் போடுற அங்கிள்கிட்ட கேட்டேன், "அது என்னம்மா"ன்னு அவரு என்னைய கேக்குறாரு. எவ்ளோ வரும்? பிளீஸ்.

ரப்பர்பால்78 | வியாழன், இரவு 11:58
என்ன விக்கிறீங்க? எத்தன நாள் சந்தை? எவ்ளோ தொகைக்கு கேக்குறாங்க?

கொம்பு முறுக்கு | வெள்ளி, காலை 6:10
சிஸ் இதுக்கு போயி ஏன் டென்ஷன். பெர்கேசோல (அரசாங்க சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு ஸ்கீம் இருக்கு, கம்மியான பிளான் வருஷத்துக்கு 157.20 வெள்ளி (ரிங்கிட்) தான், நான் ரெண்டு வருஷமா கட்டுறேன். அந்த ரசீத அனுப்பி விடுங்க, முடிஞ்சது கதை.

தையல் அக்கா | வெள்ளி, காலை 7:35
முறுக்கு தம்பி, பெர்கேசோ உங்க கை எண்ணெய்ல வெந்தா உங்களுக்கு குடுக்குறது. கடைக்கு வந்த ஆளு உங்க எண்ணெய்ல வெந்தா அவங்களுக்கு யாரு குடுப்பா? இவங்க கேக்குறது அதுதான். ரெண்டும் வேற வேற.

கொம்பு முறுக்கு | வெள்ளி, காலை 7:41
ஓ. சரி சரி. ஆனா பெர்கேசோவும் நல்லதுதான்.

பழைய கிராணி | வெள்ளி, காலை 8:20
கேள்வி கேட்கும் முன் தேடிப் பார்க்கும் வழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. என்ன பொருள், எத்தனை நாள், எவ்வளவு வரம்பு, தொழில் பதிவு உண்டா இல்லையா, இந்த நான்கும் இல்லாமல் விலை கேட்பது, டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்குது, மருந்து எவ்வளவு" என்று கேட்பது போல. விவரம் வந்தால் பதில் சொல்கிறேன்.

ஜோகூர் பாய் | வெள்ளி, காலை 9:02
ஒரு நாள் பாலிசின்னு ஒன்னு இருக்கு, சந்தை நடக்குற நாளுக்கு மட்டும் எடுத்தா போதும், வீடியோல பார்த்தேன். ஒரு சம்பவத்துக்கு 1 மில்லியன் வரைக்கும் கவர், மொத்தமா 2 மில்லியன் வரைக்கும். ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம், சர்டிஃபிகேட் இமெயில்ல வந்துரும்.

ரப்பர்பால்78 | வெள்ளி, காலை 9:15
பாய் அது அமெரிக்கா வீடியோ. மில்லியன்னு அவன் சொல்றது டாலர். அங்க கிராஃப்ட் ஃபேர்காரங்களுக்குன்னே தனியா பாலிசி விக்கிறாங்க, நம்ம ஊர்ல ஏஜென்ட்கிட்ட போயி உக்காந்தாதான் உண்டு லா.

சாமான் வண்டி | வெள்ளி, காலை 10:30
இன்சூரன்ஸ்லாம் வேஸ்ட். நான் பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) பத்து வருஷமா இருக்கேன், ஒரு போர்டு மாட்டிருக்கேன், "எந்தச் சேதத்துக்கும் கடைக்காரர் பொறுப்பில்லை". இது வரைக்கும் ஒருத்தன் கேஸ் போட்டதில்ல.

லயத்துப்பொண்ணு | வெள்ளி, மதியம் 1:05
சாரி சாரி வேலைல இருந்தேன். சந்தை 3 நாள், அடுத்த வெள்ளி தொடங்குது. 500,000 வெள்ளிக்கு கவர் வேணுமாம், அதுல நடத்துறவங்க பேரும் மால் பேரும் சேத்து போடணுமாம், அது என்னன்னே புரியல. நான் செய்றது கைவினைப் பொருள்தான். எஸ்எஸ்எம்ல (தொழில் பதிவு பண்ற ஆணையம்) பதியல, இன்ஸ்டால ஆர்டர் எடுத்துதான் விக்கிறேன்.

தையல் அக்கா | வெள்ளி, மதியம் 1:22
கைவினைன்னா என்னம்மா? குவில்லிங் தோடா, சேலை குச்சமா, மண் பொம்மையா? சொன்னாதானே. ஏஜென்ட்டும் மொதல்ல அதத்தான் கேப்பான்.

லயத்துப்பொண்ணு | வெள்ளி, மதியம் 1:30
மெழுகுவர்த்தி அக்கா. சோயா மெழுகு, மல்லி வாசம், சந்தன வாசம். சிரட்டைல ஊத்துறேன், பாக்க அழகா இருக்கும். கொஞ்சம் கண்ணாடி டம்ளர்லயும்.

தையல் அக்கா | வெள்ளி, மதியம் 1:48
அட சாமி. இத மொதல்ல சொல்லியிருக்கணும். சரி கேளுங்க, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பப்ளிக் லயபிலிட்டிங்கிறது உங்க ஸ்டால்ல, உங்க வேலையால மத்தவங்களுக்கு அடிபட்டா, அவங்க சாமான் சேதமானா. ஒயர் தடுக்கி ஒரு ஆச்சி விழுறாங்க, கேனப்பி (கடைக் கூடாரம்) பறந்து போயி காடில மோதுது, அந்த மாதிரி. ஆனா உங்க மெழுகுவர்த்திய ஒருத்தர் வாங்கிட்டு போயி ஒரு மாசம் கழிச்சு அவங்க வீட்டு திரைச்சீலைல தீ புடிச்சா அது வேற, அதுக்கு பேரு ப்ராடக்ட் லயபிலிட்டி. நெறைய பாலிசில இத தனியா கேட்டு சேக்கணும். பாரத்துல பப்ளிக் மட்டும்தான் கேட்டிருப்பாங்க, ஏன்னா அவங்க கவலை அவங்க கார் பார்க் வரைக்கும்தான். மெழுகுவர்த்திக்காரிக்கு நெசமான பயம் ரெண்டாவதுலதான் இருக்கு.

பேரு சேக்குறதுக்கு நம்ம ஊர் ஏஜென்ட்கிட்ட "இன்டெம்னிட்டி டு பிரின்சிபல்" வேணும்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. உங்க தப்புக்கு மால் மேல கேஸ் வந்தா அவங்களையும் உங்க பாலிசி தாங்கும்னு அர்த்தம்.

நான் போன வருஷம் எடுத்தப்போ பிரீமியம் 350, அதுக்கு மேல 8 சதவீதம் சர்வீஸ் டேக்ஸ் 28, ஸ்டாம்ப் 10, மொத்தம் 388 வெள்ளி. ஆனா நான் துணி விக்கிறவ. தீ சம்பந்தப்பட்ட சாமானுக்கு கூட கேப்பாங்க.

ரப்பர்பால்78 | வெள்ளி, மதியம் 2:05
ஒரு நிமிஷம், சிரட்டைலயா? சிரட்டை எரியுமே! எங்கம்மா அடுப்பு பத்த வைக்கிறதே சிரட்டை போட்டுத்தான். மெழுகு அடில எறங்குனதும் திரி சாஞ்சு ஓடுல பட்டா என்னாகும்?

லயத்துப்பொண்ணு | வெள்ளி, மதியம் 2:11
உள்ள வழுவழுன்னு தேச்சு தான் ஊத்துறேன் அண்ணே. இது வரைக்கும் ஒன்னும் ஆகல.

தையல் அக்கா | வெள்ளி, மதியம் 2:20
தேச்சாலும் ஓடு ஓடுதான். நீங்க ஒன்ன கடைசி வரைக்கும் எரிய விட்டு பாத்திருக்கீங்களா, பாதி இல்ல, திரி தானா அணையுற வரைக்கும்? இன்னைக்கு சாயந்தரம் வெளிய சிமெண்ட் தரைல வெச்சு பக்கத்துலயே உக்காந்து பாருங்க.

பழைய கிராணி | வெள்ளி, மதியம் 3:00
சாமான் வண்டி அவர்களுக்கு: 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் உண்டு. குறையுள்ள பொருளால் காயம் பட்டால் செய்தவர் பொறுப்பு, அந்தப் பொறுப்பைப் போர்டு மாட்டித் தட்டிக் கழிக்க முடியாது. பயனீட்டாளர் ட்ரிபியூனலில் 5 வெள்ளி கட்டி 50,000 வரை வழக்குப் போடலாம், ஆனால் உடலுக்குக் காயம் என்றால் அங்கே எடுக்க மாட்டார்கள், நேரே கோர்ட். கோர்ட் என்றால் வக்கீல். இன்சூரன்ஸின் பாதிப் பயன் அந்த வக்கீல் செலவில்தான்.

அந்தப் பெண்ணுக்கு: தனிநபர் தொழில் என்றால் கடைக்கு வரும் கடன் உங்கள் வீட்டுக்கு வரும் கடன். எஸ்எஸ்எம் முதலில். சொந்தப் பெயரில் 30, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி, ஒரு வருடத்துக்கு. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது.

பிறகு, அது சிரட்டை அல்ல. கொட்டாங்குச்சி.

சாமான் வண்டி | வெள்ளி, மதியம் 3:04
சிரட்டைதான். எங்க பாட்டி நாகர்கோவில்காரங்க.

பழைய கிராணி | வெள்ளி, மதியம் 3:10
அதைத்தான் சொல்கிறேன். அது மலையாளக் கரையோரப் பேச்சு.

கொம்பு முறுக்கு | வெள்ளி, மதியம் 3:16
எங்க வீட்ல தொட்டின்னு சொல்வாங்க 😂

ரப்பர்பால்78 | வெள்ளி, மதியம் 3:40
சிரட்டைன்னே வெச்சுக்குவோம். எங்க தாத்தா காலத்துல ரப்பர் மரத்துல பால் புடிக்க கட்டுனதே சிரட்டைதான், மங்கு (பால் புடிக்கிற கிண்ணம்) எல்லாம் பின்னாடி வந்துச்சு.

பழைய கிராணி | வெள்ளி, மாலை 4:02
நான் பிறந்த தோட்டத்தில் பீங்கான் மங்குதான். என் அம்மா பால் வெட்ட, நான் நிரை நிரையாக மங்கு துடைத்தவன். எந்தத் தோட்டத்தில் சிரட்டை கட்டினார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

ரப்பர்பால்78 | வெள்ளி, மாலை 4:09
இப்ப நீங்களே சிரட்டைன்னு எழுதிட்டீங்க கிராணி.

லயத்துப்பொண்ணு | வெள்ளி, மாலை 5:30
அண்ணே அக்கா எல்லாரும் கொஞ்சம் எனக்கும் பதில் சொல்லுங்க 🙏 ஈப்போல ஒரு ஏஜென்ட்கிட்ட பேசினேன். "கிராஃப்ட்னு போட்டு எடுத்துருவோம், கேண்டில்னு எழுதுனா லேட்டாகும், கேள்வி கேப்பாங்க"ங்கிறாரு. பரவால்லயா?

தையல் அக்கா | வெள்ளி, மாலை 5:34
வேணாம். வேணவே வேணாம்.

பழைய கிராணி | வெள்ளி, மாலை 5:50
அந்த ஏஜென்ட்டை விட்டு ஓடுங்கள். தொழிலுக்காக எடுக்கும் பாலிசியில், கம்பெனி முடிவெடுக்கத் தேவையான விஷயத்தை நீங்களாகவே சொல்ல வேண்டும், 2013 நிதிச் சேவைச் சட்டத்தில் இருக்கிறது. மெழுகுவர்த்தியை மறைத்து எடுத்தால், தீ விபத்து என்று நீங்கள் போய் நிற்கும் நாளில்தான் பாரத்தை எடுத்துப் பார்ப்பார்கள். கமிஷன் அவருக்கு இன்று. கேஸ் உங்களுக்குப் பிறகு.

சாமான் வண்டி | வெள்ளி, மாலை 6:15
இதுல கிராணி சொல்றது சரி. என் மச்சான் வீட்ல கேக் செஞ்சு வித்துக்கிட்டு இருந்தான், அடுப்புல தீ புடிச்சு கிச்சன் போச்சு, வீட்டு இன்சூரன்ஸ்காரன் வந்து மூணு ஓவனையும் அம்பது கேக் டப்பாவையும் பாத்துட்டு இது வீடா பேக்கரியான்னு கேட்டான். வியாபாரம் நடக்குதுன்னு சொல்லவே இல்லன்னு காசு குடுக்கல.

தையல் அக்கா | வெள்ளி, இரவு 8:10
நீங்களும் வீட்லதான் மெழுகு உருக்குறீங்க, அதையும் யோசிங்க. கேஸ் அடுப்புல நேரா சட்டிய வெக்காதீங்க, தண்ணி கொதிக்கிற சட்டி மேல வெச்சு உருக்குங்க. தப்பித் தவறி மெழுகுல தீ புடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, மூடி போட்டு அமுக்கணும்.

கேனப்பி பத்தியும் ஒன்னு. ஒரு திருவிழால என் கேனப்பி காத்துல தூக்கிருச்சு, நாலு காலுலயும் ஒன்றரை லிட்டர் தண்ணி போத்தல் கட்டியிருந்தேன், போத்தலோட சேந்து பறந்துச்சு. இரும்புக் கால் ஒரு வெள்ளைக் காடி கதவுல ஒரு கோடு, இந்த முனைலருந்து அந்த முனை வரைக்கும், அளந்து போட்ட மாதிரி. மொத 500 வெள்ளி எக்சஸ், அதாவது நம்ம பங்கு, நான் கட்டுனேன், மிச்சத்த இன்சூரன்ஸ் குடுத்துச்சு. அங்கயே "என் தப்பு, நான் கட்டிக் குடுத்துர்றேன்"னு வாய விட்டுறாதீங்க, நான் விட இருந்தேன், பக்கத்துக் கடைக்காரர்தான் சும்மா இரும்மான்னாரு. போட்டோ எடுத்து, நம்பர் வாங்கி, அன்னைக்கே ஏஜென்ட்டுக்கு போடணும். இப்ப காலுக்கு இருபது கிலோ மணல் மூட்டை கட்டுறேன்.

கொம்பு முறுக்கு | வெள்ளி, இரவு 8:45
மணல் மூட்டைய யாரு தூக்குறது, டிரம்ல தண்ணி ரொப்புறதுதான் ஈசி.

ரப்பர்பால்78 | வெள்ளி, இரவு 9:20
எனக்கு ஒரு யோசனை. அன்னைக்கு துன் சம்பந்தன் (நம்ம பழைய அமைச்சர்) கூட்டுறவு ஆரம்பிச்சப்போ பத்துப் பத்து வெள்ளியா சேத்து தோட்டத்தையே வாங்குனாங்க நம்மாளுங்க. சந்தைல இருக்குற பத்து கைவினைக்காரங்க சேந்து ஒரே பாலிசியா எடுத்தா என்ன?

பழைய கிராணி | வெள்ளி, இரவு 9:44
1960-இல் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கவர். பத்துப் பேர் என்றால் பத்துப் பேரின் பெயரும், பத்துப் பேர் விற்கும் பொருளும் அட்டவணையில் ஏற வேண்டும், ஒருவர் மெழுகுவர்த்தி என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்து விலை ஏறும். அதைவிட, நடத்துபவர்களிடமே கேளுங்கள், நிகழ்ச்சி முழுவதற்கும் அவர்களிடம் ஒரு பாலிசி இருக்கும், கட்டணம் கட்டிக் கடைக்காரர்களையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று. பலரும் கேட்பதே இல்லை.

தையல் அக்கா | வெள்ளி, இரவு 9:50
இது நல்ல பாயிண்ட். இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல கிராணி, மங்கு தொடச்ச நேரத்துல.

லயத்துப்பொண்ணு | ஞாயிறு, காலை 7:15
சிரட்டைய எரிய விட்டு பாத்தேன். நாலு மணி நேரம் ஒன்னும் ஆகல, நான் சொன்னேன்ல-ன்னு எழுதலாம்னு போன எடுத்தேன், அதுக்குள்ள ஒரு பக்கம் விளிம்பு கருத்து புகைஞ்சு, அப்பறம் ஓடே பத்திக்கிச்சு. அம்மா ஓடி வந்து சட்டி மூடிய போட்டு அமுக்குனாங்க. 40 சிரட்டை ஊத்தி வெச்சிருக்கேன்.

ரப்பர்பால்78 | ஞாயிறு, காலை 7:40
அய்யோ. யாருக்கும் ஒன்னும் ஆகலல்ல? உருக்கி திரும்ப கண்ணாடில ஊத்திருங்க, மெழுகு வீணாப் போகாது.

தையல் அக்கா | ஞாயிறு, காலை 8:02
கண்ணாடின்னாலும் சூடு தாங்குற கண்ணாடியா பாருங்க, எல்லா டம்ளரும் தாங்காது. அடில ஸ்டிக்கர் ஒட்டுங்க, தமிழ்லயும் மலாய்லயும், கடைசி ஒரு விரல்கடை மெழுகு இருக்கும்போதே அணைச்சிரணும், புள்ளைங்க பக்கம் வெக்கக் கூடாது, தனியா எரிய விட்டுட்டு போகக் கூடாதுன்னு.

சாமான் வண்டி | ஞாயிறு, காலை 8:30
அந்த 40 சிரட்டையையும் என்கிட்ட குடுங்க, சத்தே (குச்சில குத்துன இறைச்சி) சுட கரி பத்த வெக்கிறதுக்கு ஆகும்.

லயத்துப்பொண்ணு | புதன், இரவு 10:26
எஸ்எஸ்எம் ஆன்லைன்ல பதிஞ்சாச்சு. நடத்துறவங்க பாலிசிலயே சேத்துட்டாங்க, மெழுகுவர்த்தின்னு எழுதித்தான் குடுத்தேன், ஸ்டால்ல ஒன்னையும் பத்த வெக்கக் கூடாதுன்னு கண்டிஷன். ப்ராடக்டுக்கு தனியா கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. டம்ளர் மட்டும்தான் கொண்டு போறேன். எல்லாருக்கும் நன்றி, பேக்கிங் இருக்கு, வரேன்.

பழைய கிராணி | வியாழன், காலை 8:05
நன்று. ப்ராடக்ட் பதில் வரும் வரை விற்றதற்கெல்லாம் தேதி, எண்ணிக்கை, எந்தத் தவணையில் ஊற்றியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரப்பர்பால் இன்னும் தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை.

கொம்பு முறுக்கு | இரண்டு வாரம் கழித்து
சிஸ் ப்ராடக்டுக்கு கடைசில எவ்ளோ கேட்டாங்க? நானும் முறுக்குக்கு எடுக்கலாம்னு பாக்குறேன்.

கொம்பு முறுக்கு | மூணு வாரம் கழித்து
சிஸ்?