பிளஸ் டூ முடித்து ஒரு வருட இடைவெளி, அடுத்து ஐசர்: என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் கேட்டது:

வணக்கம். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். கம்ப்யூட்டர் – கணிதம் குரூப், தமிழ் மீடியம். இயற்பியல்தான் படிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே பிடிவாதம். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) என்று ஒன்று இருப்பதே விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் எங்கள் ஊருக்குத் தெரிய வந்தது. அப்பாவிடம் பேசி ஒரு வருடம் வாங்கியிருக்கிறேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: புரட்டாசி விதைப்புக்குக் காட்டில் நிற்க வேண்டும். கோச்சிங் போகப் பணம் இல்லை. அக்காவின் பழைய லேப்டாப் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் பாடப் புத்தகத்தையே புரட்டினால் வெறுத்துவிடும் போலிருக்கிறது. வேறு உருப்படியாக என்ன செய்யலாம்? "ஒரு வருஷம் போச்சு" என்று சித்தப்பா வேறு தினமும் ஆரம்பித்துவிடுகிறார்.

ஏர்ப்பேடு விடுதிவாசி:

தம்பி, நான் திருப்பதி ஐசரில் மூன்றாம் வருடம். நானும் ஒரு வருடம் விட்டுத்தான் வந்தேன். முதலில் தேர்வு விஷயம். ஐசர் நுழைவுத் தேர்வான ஐஏடி தாளில் 60 கேள்விகள், 3 மணி நேரம். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியானால் 4, தப்பானால் 1 குறையும். உன் குரூப்பில் உயிரியல் கிடையாது, ஆனால் மொத்த 240 மதிப்பெண்ணில் 60 அதில்தான் இருக்கிறது. அதை முழுசாக விட்டுவிட்டுப் போகாதே. அரசுப் பாடநூல் பிடிஎஃப் இலவசம். தாவரவியலும் விலங்கியலும் தமிழில் ஒரு முறை படித்துப் புரிந்துகொள், அப்புறம் என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகம். வினாத்தாள் தமிழில் வராது. தேர்வு பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ இருக்கும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே வந்துவிடும். இந்தத் தடவை தேதியைப் பிடித்துக்கொள். நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வும் எழுது, ஐசர் மாதிரியே அறிவியல் நிறுவனமான புவனேஸ்வர் நைசருக்கு அதுதான் வழி.

பாளையங்கோட்டை டீச்சர்:

தேர்வைத் தம்பி சொல்லிவிட்டார், நான் மற்றதைச் சொல்கிறேன். கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஊசலை ஆட்டுவதற்கு முன்பே ரெக்கார்டில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று எழுதிவிடுவார்கள். விடை தெரியாத ஒன்றைத் தானாக அளந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உனக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கிறது, கரிசல் காட்டின் இருட்டு வானமும் இருக்கிறது. ஒரு விண்மீனை அளந்து பார்.

கழுகு மண்டலத்துத் திருவோணம் (ஆல்டேர்) தெரியும்தானே? உங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடக்கும். புரட்டாசியில் இரவு எட்டு மணிக்கு நிமிர்ந்தாலே போதும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று காவலுக்கு நிற்கும். மங்கலான காவல்காரன் பெயர் அல்ஷைன். அங்கிருந்து தெற்கே, நீட்டிய கையின் மூன்று விரல் அகலம் தள்ளி இருப்பது அதே மண்டலத்து விண்மீன் ஈட்டா அக்கிலே. சில நாள் அது அல்ஷைனை விடப் பிரகாசமாக இருக்கும், சில நாள் அதை விட மங்கிப்போகும். 7 நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். தொலைநோக்கி வேண்டாம். 1784இல் எட்வர்ட் பிகாட் இந்த ஒளி மாற்றத்தைக் கண்டுபிடித்தார். அதே இலையுதிர் காலத்தில் அவருடைய யார்க் நகரத்து நண்பர் ஜான் குட்ரிக் டெல்டா செஃபி என்ற விண்மீனின் ஒளி மாற்றத்தைக் கண்டுபிடித்தார். குட்ரிக்குக்குக் காது கேட்காது. அல்கால் விண்மீன் எத்தனை நாளுக்கு ஒரு முறை மங்குகிறது என்று கணக்கிட்டதற்காக 1783இல் காப்ளி பதக்கம் வாங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. (சித்தப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், பதக்கம் எங்கே என்று கேட்பார்.)

அளப்பது எப்படி? பக்கத்திலேயே தீட்டா அக்கிலே, ஒளியளவு 3.2. அயோட்டா அக்கிலே, 4.4. உன் ஆள் ஈட்டா இரண்டுக்கும் சரிபாதியில் தெரிந்தால் 3.8 என்று எழுது. இந்த அளவில் எண் பெரிதானால் விண்மீன் மங்கல். 5 அளவு வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு. மடக்கை எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இங்கே தானாகப் புரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிவிடும். அப்போது லேப்டாப்பைத் திற. அளந்த ஒவ்வொரு நேரத்தையும் (முதல் அளவிலிருந்து எத்தனை நாள் என்று) 7.1766 நாளால் வகுத்து, மீதியைக் கிடை அச்சிலும் ஒளியளவை நிலை அச்சிலும் வைத்து வரைபடம் போடு. சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு வளைவரையாகக் கூடும், கூடாமல் துருத்திக்கொண்டு நிற்கும் புள்ளிகளும் இருக்கும். அவை ஏன் அப்படி என்று யோசிப்பதுதான் பிழைக் கணக்கு. இதற்கான பைத்தான் நிரல்மொழியைக் கற்க ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இலவசம். தை பிறந்தால் கழுகு மண்டலம் மாலை வானத்தில் இருக்காது, நீயும் முழுசாகத் தேர்வுக்கு உட்காரலாம்.

நேரடியாகச் சொல்பவன்:

டீச்சர், அழகாக இருக்கிறது. ஆனால் நட்சத்திரத்துக்கு ஐஏடியில் மார்க் கிடையாது. தம்பி, பக்கத்து அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி சேர்ந்துகொண்டே எழுது. கிடைக்காமல் போனால் ஒரு வருடமாவது கையில் நிற்கும்.

பாளையங்கோட்டை டீச்சர்:

நியாயமான பேச்சு. வீட்டு நிலைமை இறுக்கமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் தினமும் பஸ்ஸில் போய்வந்து, இன்டர்னல் எழுதி, ரெக்கார்டும் முடித்து, பள்ளியில் தொடாத உயிரியலைப் புதிதாகப் படிப்பது லேசில்லை. அப்பாவே சம்மதித்திருக்கிறார். நட்சத்திரம் ராத்திரி அரை மணி நேர வேலை, பகல் முழுக்கத் தேர்வுக்குத்தான்.

கரிசல்காட்டான்:

டீச்சர், நேற்று மொட்டை மாடியில் தேடினேன். திருவோணமும் காவல்காரர்களும் கிடைத்தார்கள். ஈட்டா இதுதானா என்று இன்னும் சந்தேகம். தெருவிளக்கு வேறு கண்ணில் அடிக்கிறது. நிலா இருக்கும் நாளில் என்ன செய்வது?

பாளையங்கோட்டை டீச்சர்:

மாடியை விடு, களத்துமேட்டுக்குப் போ. பாம்பு பார்த்துப் போ, துணைக்கு ஆளோடு. இருட்டில் இருபது நிமிடம் இருந்தால்தான் கண் பழகும். அதுவரை போனை எடுக்காதே. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள். ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம், உன் ஊரைக் கொடுத்தால் ஈட்டா எது என்று காட்டிவிடும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அளவு தடுமாறும், அப்படியே எழுதி ஓரத்தில் "நிலா" என்று குறித்து வை. தேதியோடு மணியையும் எழுது. முக்கியமாக, இன்றைய அளவை எழுதும் முன் நேற்றைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் அதற்கு ஏற்றபடிதான் பார்க்கும். இணைய விளக்கப்படங்களில் இருக்கும் வளைவரையையும் மழைக்காலம் வரை தேடாதே. புள்ளிகள் சேர்ந்ததும் இங்கே போடு, வரைபடத்தை அப்புறம் பேசலாம்.