சார்ட் பேட்டர்ன் வகுப்புக்கு 35,000 ரூபாய்: கட்டலாமா?

பனியன்_ஊர்க்காரன்
திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, சம்பளம் 28,000. ஒரு வருடமாகப் பங்கு வாங்கி விற்கிறேன். பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்போது ஒரு ஆன்லைன் வகுப்பு கண்ணில் பட்டிருக்கிறது. ஹெட் அண்ட் ஷோல்டர், டபுள் டாப், ஃபிளாக், முக்கோணம் என்று விலைச் சார்ட்டில் தெரியும் 24 வடிவங்களை, அதாவது பேட்டர்ன்களை, சொல்லித் தருவார்களாம். கடைசி இரண்டு வாரம், அவற்றை வைத்து, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷனில் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும், ஒரு வாரத்தில் காலாவதியாகும் ஒப்பந்தம்) டிரேட் செய்வது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. சேரலாமா?

கணக்குப்பிள்ளை
சேராதீர்கள் தம்பி. நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். ஜூலை வந்தால் வருமான வரிக்கு ஐடிஆர்-3 போட வருகிறவர்களின் எஃப் அண்ட் ஓ (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஃப்யூச்சர்ஸும், ஆப்ஷனும்) ஸ்டேட்மென்ட் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நட்டத்தை எட்டு வருஷம் வரை கேரி ஃபார்வர்டு செய்து பிந்தைய லாபத்தில் கழிக்கலாம் என்றதும் பரிசு விழுந்த மாதிரி முகம் மலர்கிறார்கள், பாவம்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரே ஒரு சதவீதம்.

அது போக, அந்த வகுப்பின் பாடமே பழசு. பேங்க் நிஃப்டியில் வாராவாரம் ஒப்பந்தம் முடியும் வாராந்திர எக்ஸ்பைரியை 2024 நவம்பரிலேயே நிறுத்தியாயிற்று. அதைக்கூடத் திருத்தாமல் 35,000 கேட்கிறார்கள்.

மெழுகுவர்த்தி
வகுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி சார். ஆனால் பேட்டர்னே வீண் என்கிற மாதிரி பேசுவது சரியில்லை. செபியின் 93 சதவீதத்தில் டெலிகிராம் டிப்ஸ் பார்த்து வாங்கினவர், மச்சான் சொன்னான் என்று வாங்கினவர், எக்ஸ்பைரி அன்று மதியம் லாட்டரி மாதிரி இரண்டு ரூபாய் ஆப்ஷன் பொறுக்கினவர் எல்லாரும் சேர்த்தி. சார்ட் படித்தவர்களைத் தனியாக எண்ணிய கணக்கு இல்லை அது. உங்கள் மேஜைக்கு வருகிறவர்களும் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை
லாபம் பார்த்தவனும் ரிட்டர்ன் போட எங்களிடம்தான் வர வேண்டும் தம்பி. ஏன் வருவதில்லை?

மெழுகுவர்த்தி
:) சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேட்டர்ன் ஜோசியம் இல்லை. எந்த இடத்தில் "நான் நினைத்தது தப்பு" என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது முன்கூட்டியே காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு ஹெட் அண்ட் ஷோல்டர் என்று வையுங்கள்: நடுவில் உயர்ந்த தலை, இரு பக்கமும் தாழ்ந்த தோள்கள், அடியில் பள்ளங்களைச் சேர்க்கும் கோடுதான் நெக்லைன். தலை 560, வலது தோள் 535, நெக்லைன் 500. நெக்லைன் உடைந்ததும் (விலை அதற்குக் கீழே போனதும்) கையில் இல்லாத பங்கை 500-இல் விற்கிறோம், விழுந்ததும் வாங்கித் திருப்ப. தலைக்கும் நெக்லைனுக்கும் இடைவெளி 60, அதனால் டார்கெட் 440. மறுபடி 535-ஐத் தாண்டினால் வெளியே. தப்பானால் 35 போகும், சரியானால் 60 வரும். 100 தடவையில் 37 தடவை சரியானால் முதலுக்கு மோசமில்லை. மூன்று வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன்: 112 டிரேட், 47 ஜெயித்தது. செலவு போகக் கையில் நின்றது எஃப்டி வட்டியை விடக் கொஞ்சம் கூட. கார் வாங்கவில்லை, கடனும் வாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை
எஃப்டி வட்டியை விடக் கொஞ்சம் கூட, அதற்கு மூன்று வருட உழைப்பு. இதை அந்த வகுப்பின் விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்கள் உதாரணத்திலேயே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. 500-இல் விற்று நாலு நாள் வைத்திருக்க, பங்கை நேரடியாக வாங்கி விற்கும் கேஷில் வழியில்லை, ஃப்யூச்சர்ஸுக்கோ ஆப்ஷனுக்கோ போயாக வேண்டும். இண்டெக்ஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு தொடங்கும்போதே 15 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று 2024-இல் விதி வந்துவிட்டது. இண்டெக்ஸ் ஒரு சதவீதம் எதிராகப் போனால் ஃப்யூச்சர்ஸில் ஒரு லாட்டுக்கு (ஒரு ஒப்பந்தத்துக்கு) 15,000 காலி. இவருடைய ஒன்றரை லட்சத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஒரு சதவீதம் என்பது மார்க்கெட்டுக்குத் தும்மல்.

ஈரோட்டு_மஞ்சள்
நான் மஞ்சள் வியாபாரி. சரக்கு கையில் இருக்கும்போது, விலை விழுந்தால் காப்பாக (ஹெட்ஜ்) இருக்கட்டும் என்று ஃப்யூச்சர்ஸ் பழகினவன். சார்ட்டை நான் எதிர்க்கவில்லை. ஆப்ஷன் வாங்குகிறவனுக்குச் சார்ட் மட்டும் போதாது என்கிறேன்.

2024 ஜூன் 3, திங்கள். எக்ஸிட் போல் உற்சாகத்தில் நிஃப்டி புது உச்சத்தில் 23,263-இல் முடிந்தது. சார்ட் பார்த்தவன் எவனும் பிரேக்அவுட் (தடையை உடைத்து மேலே போகிறது) என்றுதான் சொல்வான், நானும் சொன்னேன். அந்த வியாழன் எக்ஸ்பைரியில் 23,200 கால் (அந்த விலைக்கு வாங்கும் உரிமை, அதற்கு மேலே முடிந்தால்தான் மதிப்பு) வாங்கினேன். மறுநாள் தேர்தல் முடிவு, நிஃப்டி 21,884. சுமார் ஆறு சதவீதம் ஒரே நாளில். சரி, விழுந்தது ஏறும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏறவும் ஏறியது! வியாழன் 22,800-ஐ ஒட்டி முடிந்தது, என் கால் பூஜ்யம். வெள்ளி 23,290.

சார்ட் சொன்னது ஒரு நாள் தாமதமாகப் பலித்தது. ஷேர் வைத்திருந்தவனுக்கு அந்த வாரம் ஒரு கெட்ட கனவு. எனக்கு ஆப்ஷனுக்குக் கொடுத்த மொத்தப் பிரீமியமும் போச்சு. எந்தப் பக்கம் என்பது தெரிந்தாலும் எத்தனை நாளில் என்பதும் தெரிய வேண்டும். முடிவு வருவதற்கு முந்தின நாள் பிரீமியம் ஊதிக் கிடக்கும், முடிவு வந்ததும் வற்றும். அதுவும் தெரிய வேண்டும். ஃபிளாக்கில் இந்த இரண்டும் எழுதியிருக்காது.

மெழுகுவர்த்தி
இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அதனால்தான் நான் ஆப்ஷன் வாங்குவதில்லை.

கணக்குப்பிள்ளை
பேங்க் நிஃப்டி கதையும் இருக்கிறது. 2024 ஜனவரி 17-ஐ உதாரணம் காட்டி, அமெரிக்க டிரேடிங் நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீது செபி 2025 ஜூலையில் இடைக்கால உத்தரவு போட்டது. காலையில் வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சர்ஸையும் வாங்கி இண்டெக்ஸைத் தூக்கினார்கள், அதே நேரம் ஆப்ஷனில் இறக்கத்துக்குப் பெரிய பந்தயம் கட்டினார்கள், அப்புறம் வாங்கினதை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடியைக் கட்டச் சொன்னது. நிறுவனம் மறுக்கிறது. யார் சொல்வது சரியோ, அன்று காலை ஐந்து நிமிட விலை நகர்வைக் காட்டும் கேண்டிலைப் பார்த்து "ரிவர்சல்" (திசை திரும்புகிறது) என்று கோடு போட்டவனை நினைத்துப் பாருங்கள்.

மெழுகுவர்த்தி
ஐந்து நிமிட கேண்டிலை யார் பார்க்கச் சொன்னது? நான் சொல்வது தினசரி, வாராந்திர சார்ட். நிரூபணம் வேண்டுமானால், லோ, மாமேஸ்கி, வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்கப் பங்குகளின் 1962 முதல் 1996 வரையிலான விலைகளைக் கணினியில் ஓட்டி 2000-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சில பேட்டர்ன்களில் கூடுதல் தகவல் இருக்கிறது என்று வந்தது.

கணக்குப்பிள்ளை
தகவல் இருக்கிறது என்றார்கள். லாபம் வரும் என்று சொன்னார்களா?

மெழுகுவர்த்தி
இல்லை. தம்பி, 35,000-ஐக் கட்டாதே. பழைய தினசரி சார்ட்டை எடு, வலது பக்கத்தைத் தாளால் மறை. ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்து. பேட்டர்ன் தெரிந்ததும் எங்கே உள்ளே, எங்கே வெளியே என்று எழுதிவிட்டு அப்புறம் திற. காசு செலவில்லை.

பனியன்_ஊர்க்காரன்
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வகுப்பில் சேரவில்லை. 20 சார்ட் செய்தேன். முழுப்படமாகப் பார்த்தபோது 20-லும் பேட்டர்ன் பளிச்சென்று இருந்தது. மறைத்துக்கொண்டு நகர்த்தியபோது 9-இல்தான் நேரத்துக்குத் தெரிந்தது. அதிலும் நாலுதான் டார்கெட்டைத் தொட்டது. ஒன்றில் மட்டும் ஃபிளாக்கா முக்கோணமா என்று இன்னும் குழப்பம். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மெழுகுவர்த்தி
ஃபிளாக். சந்தேகமே வேண்டாம்.

ஈரோட்டு_மஞ்சள்
முக்கோணம்தானே? கீழ்க்கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
கோடு இருக்கட்டும். இருவரும் எந்தப் பக்கம் ஆர்டர் போடுவீர்கள்?

மெழுகுவர்த்தி
வாங்குவேன்.

ஈரோட்டு_மஞ்சள்
நான் விற்பேன்.