பாரெட் உணவுக்குழாயில் பி53 சோதனை எதைச் சொல்லும்?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு எண்டோஸ்கோபி செய்ததில் 4 செ.மீ. நீளத்துக்குப் பாரெட் உணவுக்குழாய் (அமிலம் மேலேறுவதால் உணவுக்குழாயின் உட்புறத் திசு குடல் திசுவைப் போல மாறிய நிலை) இருப்பது தெரிந்தது. பயாப்ஸி அறிக்கையில், டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய உயிரணு மாற்றம்) உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும், பி53 (உயிரணுக்கள் கட்டற்றுப் பெருகாமல் தடுக்கும் புரதம்) சாயமேற்றலில் மாறுபாடு காணப்படுகிறது என்றும் எழுதியுள்ளனர். பி53 முடிவை மட்டும் வைத்துப் புற்றுநோய் வருமா என்று கணிக்க முடியுமா?

பதில் 1:
தனி ஒருவருக்கு வரும், வராது என்று எந்தச் சோதனையாலும் அறுதியிட முடியாது. அபாயம் கூடுதலா, குறைவா என்றுதான் சொல்ல முடியும். டிஸ்பிளேசியா இல்லாத பாரெட்டில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் ஏற்படுகிறது. பி53 மாறுபட்டிருந்தால் அந்த அபாயம் உயர்கிறது என்பதில் ஐயமில்லை. மாறுபாடு எவ்வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள்: உட்கருக்களில் புரதம் மிகையாகத் தேங்கிச் சாயம் அடர்ந்து தெரிவது ஒன்று, புரதமே முற்றிலும் மறைந்து சாயம் பிடிக்காமல் போவது மற்றொன்று. இரண்டுமே பிறழ்வுதான் என்றாலும், வெளிறிய இரண்டாவது வகை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் முதலில் செய்யவேண்டியது, செரிமான மண்டல நோய்க்கூறியலில் தேர்ந்த இன்னொருவரிடம் அதே ஸ்லைடுகளைக் காட்டுவது. நெதர்லாந்தில் குறைந்த நிலை டிஸ்பிளேசியா என்று முதலில் கூறப்பட்ட 147 பேரின் ஸ்லைடுகளை நிபுணர்கள் மீண்டும் பார்த்தபோது, 85 சதவீதத்தினருக்கு நோய்நிலை அதைவிடக் கீழானது என்று திருத்தினர் (2010). உறுதியான எஞ்சியோருக்கோ, உயர்நிலை டிஸ்பிளேசியா அல்லது புற்றுநோயாக மாறும் அபாயம் ஆண்டுக்கு 13.4 சதவீதமாக இருந்தது. அமிலத்தால் உண்டாகும் அழற்சியும் டிஸ்பிளேசியாவைப் போலவே தோன்றுவதால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தை முறையாகக் கொடுத்து, சுமார் 6 மாதங்களில் பயாப்ஸியைத் திரும்பச் செய்வது வழக்கம்.

கேட்டவர்:
நன்றி. பி16 (பி53 போலவே கட்டியைத் தடுக்கும் மற்றொரு புரதம்) போன்ற பிற குறிப்பான்களையும் பார்க்கச் சொல்லலாமா?

பதில் 3:
அதனால் பெரிய பயன் இருக்காது. பி16 இழப்பு, புற்றுநோய் வராதவர்களின் பாரெட் திசுவிலும் பரவலாக உள்ளது. இரு தரப்பிலும் இருக்கும் ஒன்று அவர்களைப் பிரித்துக் காட்டாது. பல புரதங்களைச் சேர்த்துக் கணினியால் பகுத்து, 5 ஆண்டு அபாயத்தைக் கணிக்கும் திஷ்யூசைஃபர் என்ற சோதனையும் இருக்கிறது. எந்தச் சோதனையானாலும், எடுத்த திசுவில் இருப்பதைத்தான் அது காட்டும். ஆகவே மறு எண்டோஸ்கோபியில், கண்ணுக்குத் தெரியும் மேடு பள்ளங்களிலிருந்து தனியாகவும், எஞ்சிய பகுதியில் ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் நான்கு பக்கங்களிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.