அந்த 1 ஹிட்டை அழிக்க யாருக்கு உரிமை?

புலிவால்: 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி 3-0 என்று கிளீவ்லாந்தை வென்ற ஆட்டத்தைப் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கும் ஆட்டம்) என்பவர்களுக்கு எண் படிக்கத் தெரியாது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். டெட்ராய்ட்டின் பிட்சர் (பந்து வீசுபவர்) அர்மாண்டோ கலராகா தொடர்ந்து 26 பேரை அவுட்டாக்கினார். 27ஆவதாக வந்த ஜேசன் டொனால்டு முதல் பேஸை மிதிக்கும் முன்பே பந்து வந்து சேர்ந்ததை உலகமே பார்த்தது. ஆனால் முதல் பேஸ் நடுவர் ஜிம் ஜாய்ஸ் அவர் அவுட் இல்லை என்றார்; அது ஹிட்டாக (அடித்துப் பேஸை அடைந்ததாக) ஏட்டில் ஏறியது. ஜாய்ஸே அன்றிரவு தம் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு அவருக்காக வாதாட வக்கீல் எதற்கு?

கணக்கப்பிள்ளை: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லவே கூசுகிறீர்கள் போலும். அந்த ஆட்டத்தின் பதிவு 88 பந்துகள், 3 ஸ்டிரைக் அவுட், 1 ஹிட் என்றே இருக்கிறது. அதோடு காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: டெட்ராய்ட்டின் மிகேல் கப்ரேரா எறிந்த பந்து, முதல் பேஸில் அதைப் பிடித்த கலராகாவின் கையுறை நுனியில் அசைந்தது; பிடி உறுதியாகவில்லை.

புலிவால்: ஓட்டக்காரர் முந்திவிட்டதாக நினைத்தேன் என்பதுதான் ஜாய்ஸ் சொன்ன காரணம். கையுறையில் நீங்கள் கண்ட அசைவு அருகில் நின்ற அவருக்கே தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை: அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தால் அது என் குற்றமா? பந்து அசைந்தது.

வெள்ளைக்கோடு: ஐயா, பந்து அசைந்ததால்தான் டொனால்டு தப்பினார் என்றால், அதைப் பந்தைப் பிடிப்பதில் கலராகா செய்த பிழையாக அல்லவா பதிவு செய்திருக்க வேண்டும்? அப்போது நீங்கள் மார்தட்டும் அந்த 1 ஹிட்டே இல்லாமல் போகிறதே. ஹிட் வேண்டுமா, அசைவு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கணக்கப்பிள்ளை: பிட்சர் ராய் ஹாலடேயின் ஆட்டத்தைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் இடையில் புகுந்து குழப்பினீர்கள், நான் மறக்கவில்லை.

வெள்ளைக்கோடு: கேட்ட கேள்விக்கு இது பதிலா?

பழைய ரசிகன்: 1983இல் ஜார்ஜ் பிரெட்டின் மட்டையில் பைன் பிசின் வரம்பு மீறியிருக்கிறது என்று நடுவர்கள் அவரை அவுட்டாக்கியதை லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் மாற்றவில்லையா? 2010இல் பேஸ்பால் ஆணையர் பட் செலிக்குக்கு மட்டும் ஜாய்ஸின் தீர்ப்பை மாற்றக் கை வராமல் போனது ஏன்?

கணக்கப்பிள்ளை: அங்கே விதிக்குப் பொருள் கொண்டதில் தவறு, இங்கே கண் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. இந்த வேறுபாடு புரியாதவரோடு நான் எத்தனை ஆண்டுகள்தான் மல்லுக்கட்டுவது? ஆட்டம் முடிந்த பிறகு ஏட்டைத் திருத்தும் வழக்கம் பேஸ்பாலில் இல்லை.

பழைய ரசிகன்: இல்லையா? 1959இல் 12 இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் வீசி, 13ஆவதில் தோற்ற ஹார்வி ஹாடிக்ஸின் ஆட்டத்தை 1991இல் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலிலிருந்து நீக்கியது யார்? பறிப்பதற்கென்றால் ஏடு திறக்கும், கொடுப்பதற்கென்றால் பூட்டிக்கொள்ளுமோ?

கணக்கப்பிள்ளை: அது வரையறையை மாற்றியது, அன்றைய ஆட்டத்தின் எண்களில் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. நான் பெட்டிக் கணக்கு (ஆட்டத்தின் எண்களைக் கட்டங்களில் தரும் பட்டியல்) படிக்கத் தொடங்கியபோது உங்களில் பாதிப் பேருக்குப் பேஸ்பால் என்ற சொல்லே தெரியாது.

புலிவால்: நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். டொனால்டுக்கு அடுத்து வந்த டிரெவர் குரோவையும் அவுட்டாக்கிய பிறகே கலராகா களத்தை விட்டு இறங்கினார். 27 அவுட் போதுமான இடத்தில் அந்த மனிதர் 28 எடுத்தார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் வீரர் பட்டியலைத் தம் கையாலேயே கொண்டுபோய் ஜாய்ஸிடம் கொடுத்தார். அவரிடம் இருந்த பெருந்தன்மையில் கால் பங்காவது உங்களிடம் இருக்கக் கூடாதா?

கணக்கப்பிள்ளை: பெருந்தன்மைக்குப் பெட்டிக் கணக்கில் கட்டம் கிடையாது.

வெள்ளைக்கோடு: ஹிட்டா, பிழையா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

கணக்கப்பிள்ளை: நீங்கள் கேட்பது இது இரண்டாவது முறைதான், எண்ணக்கூடத் தெரியவில்லை. பந்து அசைந்தது.