பத்து நிமிஷம், ஒரு நாற்காலி: இதுவும் நாடகமா?

சபா ரசிகன்:
போன ஞாயிறு ஒரு குறுநாடக மாலைக்குப் போனேன். டிக்கெட் இருநூறு ரூபாய், ஆறு உருப்படி, அதில் நான்கு ஓராள் நாடகம். ஒருவர் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மாவைப் பற்றிப் பேசினார், அழுதார், விளக்கு அணைந்தது. அடுத்தவர் வந்தார். அதே நாற்காலி, இந்தத் தடவை அப்பா.

முப்பது வருஷமாக நாடகம் பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மேடை என்றால் இரண்டு பேராவது முட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால் அது பிரசங்கம், இல்லையென்றால் மனப்பாடம் செய்து ஒப்பித்த சிறுகதை. பத்து நிமிஷ நாடகத் திருவிழா என்று 2002-ல் சிட்னியில் ஆரம்பித்தது இன்று சென்னை வரை வந்துவிட்டது. ரீல்ஸ் பார்க்கிற தலைமுறைக்குச் சரிதான். நாடகம் என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தேன்மொழி:
சார், நானும் அங்கே இருந்தேன். அந்த நான்கும் சுமார்தான். இட்லி கல்லாக இருந்தது என்பதற்காக அரிசியைத் திட்டலாமா?

ஆங்கில நாடகாசிரியர் ஆலன் பென்னட் எழுதிய 'டாக்கிங் ஹெட்ஸ்' 1988-ல் பிபிசி டிவியில் வந்தது. ஆறு தனிமொழிகள். கடைசியில் வருபவர் டோரிஸ், வயது 75, வீட்டில் தனியாக இருக்கிறார். வேலைக்கு வரும் பெண் சரியாகத் துடைப்பதில்லை என்று, தானே கல்யாண போட்டோவின் தூசியைத் தட்டப் போய் விழுந்துவிடுகிறார். எழுந்திருக்க முடியவில்லை. தரையில் கிடக்கும்போதுதான் சோபாவுக்கு அடியில் ஒரு பிஸ்கட் கண்ணில் படுகிறது. ஆகா, பெருக்கவே இல்லை, இதை அவளிடம் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் வழக்கு நடத்துகிறார். கால் மரத்துக் கிடக்கிறது, கவலையோ பிஸ்கட்டைப் பற்றி! பேச்சோடு பேச்சாக, பிறக்கும்போதே இறந்துபோன மகனை மருத்துவச்சி செய்தித்தாளில் சுற்றியதும் வருகிறது.

கடைசியில் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று, நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார். உதவி கேட்டால் முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். ஒன்றுமில்லை, கண்ணசந்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். முட்டல் வேண்டும் என்றீர்களே, இது என்ன?

சபா ரசிகன்:
நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது டிவி, அம்மா. கேமரா மூக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கு உதடு துடிப்பது தெரியுமா? அப்புறம், போலீஸ்காரர் குரல் வருகிறதே! அந்த இடத்தில் அது இருவர் நாடகம் ஆகிவிட்டது. நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

ஒப்பனை அறை:
உதடு என்றதும் சிரிப்பு வந்துவிட்டது அண்ணே. சாமுவேல் பெக்கெட்டின் 'நாட் ஐ' ('நான் அல்ல', 1972) நாடகம் தெரியுமா? மேடை முழுக்க இருட்டு. தரையிலிருந்து எட்டடி உயரத்தில் ஒரு வாய் மட்டும் வெளிச்சத்தில். அது மூச்சுவிடாமல் ஒரு பெண்ணின் கதையைக் கொட்டுகிறது. எல்லாமே 'அவள்'. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மறுத்து மறுபடியும் 'அவள்' என்கிறது. ஓரத்தில் முக்காடு போட்ட ஓர் உருவம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த வாயும், அது சொல்ல மறுக்கிற ஒரு சொல்லும். முட்டல் அங்கே இருக்கிறது.

ஊர்சுற்றி:
நான் ரசிகன் ஐயா பக்கம், ஆனால் காரணம் வேறு. கலையெல்லாம் அப்புறம், கணக்கைப் பாருங்கள். ஓராள் நாடகம் பெருகியதற்குக் காரணம் அது மலிவு. ஒரே நடிகர், செட் கிடையாது, ஒத்திகைக்கு மொட்டை மாடி போதும். ஐந்து பேரை வாரம் மூன்று நாள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரவைக்க முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வறுமையை அழகியல் என்று விற்காதீர்கள். தமிழில் ந. முத்துசாமி போன்றவர்கள் குறுநாடகம் எழுதியபோது அது சிறுபத்திரிகைப் பக்கங்களில்தான் வாழ்ந்தது. அதை மேடையேற்ற ஒரு குழுவே தேவைப்பட்டது, 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது. குழு இல்லாமல் நாடகம் இல்லை.

கட்டியங்காரன்:
மலிவு என்பது உண்மை. மலிவாக இருப்பதால் மோசம் என்பது உண்மையில்லை. வில்லுப்பாட்டையும் கதாகாலட்சேபத்தையும் வைத்துக்கொண்டு நாமே இப்படிப் பேசலாமா?

இன்னொன்று. நம் அகப்பாட்டு முழுக்கத் தனிமொழிதானே? 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது மேலேயே குறிப்பாக இருக்கும். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ஐந்தே அடி. அவன் என்னைச் சேர்ந்தபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அப்புறம் நினைவு வந்ததுபோல், ஒரு குருகும் (நாரை) இருந்தது என்கிறாள். தினைத்தாள் மாதிரிக் காலோடு ஆரல் மீனுக்காக ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு. இருந்த ஒரே சாட்சிக்கு மீன்மேல்தான் கண்! தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் முகம் நமக்குத் தெரிகிறது.

சபா ரசிகன்:
கவிதையைக் கொண்டுவந்து நாடகத்துக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். குருகு மேடை ஏறாது.

தேன்மொழி:
சரி, மேடைக்கே வருகிறேன். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட்டின் 'ஒடகலு பிம்ப' (உடைந்த பிம்பம்). கன்னடத்தில் அருந்ததி நாக், ஆங்கிலத்தில் ஷபானா ஆஸ்மி நடித்தது. மஞ்சுளா நாயக் கன்னடச் சிறுகதைக்காரி. ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றவள். டிவி ஸ்டுடியோவில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பப் போகிறாள். திரையில் இருக்கிற அவள் பிம்பம் கிளம்பவில்லை, அவளைக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது. நடக்க முடியாத தங்கையைப் பற்றி, கணவனைப் பற்றி, கடைசியில் அந்த நாவலை உண்மையில் எழுதியது யார் என்பதைப் பற்றி. பிம்பம் முன்பே பதிவு செய்தது. மேடையில் இருப்பவர் ஒரு நொடி பிந்தினாலும் கூட்டம் சிரித்துவிடும். ஒரே நடிகை, ஒரே முகம். இதில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
இரண்டு. அதனால்தான் நன்றாக இருக்கிறது.

ஒப்பனை அறை:
அப்படியென்றால் ஆளை எண்ணுவதை விட்டுவிடலாமே. பேசுகிறவர் எதற்காக, யாருக்கு முன்னால் பேசுகிறார் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு பேரும் எங்களிடம் பேசினார்கள், நாங்கள் அழ வேண்டும் என்பதற்காக. டோரிஸ் நம்மை அழவைக்கப் பேசவில்லை. தான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்கப் பேசுகிறாள். அவளுக்கே தெரியாமல் கொட்டுகிறதுதான் நாடகம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு சின்ன ஹாலில் இருபது நிமிஷத் தனிமொழி செய்தேன். நடுவில் பாத்திரம் பேச முடியாமல் நிற்கும் இடம், மனசுக்குள் பதினைந்து வரை எண்ணவேண்டும். ஒன்பதாவது எண்ணில் ஒருவர் போன் அடித்தது, பக்தி ரிங்டோன். எடுத்து, 'நாடகத்துல இருக்கேன், அப்புறம் கூப்பிடு' என்று சத்தமாகச் சொன்னார். ஐந்து பேர் நாடகமாக இருந்தால் இன்னொருத்தர் வசனத்தில் ஒளிந்துகொண்டிருப்பேன். அன்று மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

கட்டியங்காரன்:
பத்து நிமிஷம் போதாது என்பவர்களுக்கு ஆங்கில நாடகாசிரியர் கேரில் சர்ச்சில். 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' (ஏழு யூதக் குழந்தைகள்), 2009, காஸா போர் நடந்த கையோடு லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் போட்டார்கள். சுமார் பத்து நிமிஷம், ஏழு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் பெரியவர்கள் ஒரு சிறுமிக்கு எதைச் சொல்வது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். பெரும்பாலும் 'அவளிடம் சொல்லு', 'அவளிடம் சொல்லாதே' என்றே வரிகள் ஆரம்பிக்கின்றன. எந்த வரி யாருடையது என்றே எழுதவில்லை. எந்தச் சிறுமியும் மேடைக்கு வருவதே இல்லை. அது யூத வெறுப்பு என்று கண்டித்தவர்களும் உண்டு, இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. அந்தச் சண்டை எதுவானாலும், பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சபா ரசிகன்:
நேற்று ராத்திரி அந்த டோரிஸ் பகுதியை என் மனைவிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். போலீஸ்காரர் வரும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். நம்மூர்ப் பாட்டி என்ன சொல்லுவாள்? 'ஒண்ணுமில்ல தம்பி, கண்ணசந்துட்டேன்' என்றேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை.

தேன்மொழி:
'ஐயா' என்றுதான் வரும் சார். யூனிபார்மைப் பார்த்ததும் பயம் இருக்குமே.

சபா ரசிகன்:
அவளும் அதையேதான் சொன்னாள். ஆனால் பாட்டி பயப்படுவது போலீஸுக்கு இல்லையே, இல்லத்துக்குத்தானே? 'தம்பி' என்று சொன்னால்தான் அவன் நம்பித் திரும்பிப் போவான். 'ஐயா' என்றால் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டுவான்.