ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டார்களா? பிடித்தீர்களா, பிடிபட்டீர்களா? அனுபவம் எழுதுங்கள்

வைகைக்கரை:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். வைவாவுக்கு முந்தின நாள் கைடு கூப்பிட்டு மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். முதல் அத்தியாயம் பூராவும் வண்ணம் அடித்திருந்தது, மேலே 68 சதவீதம் ஏஐ என்று போட்டிருந்தது. அந்த அத்தியாயம் முழுவதும் நான் நோட்டில் எழுதி அடித்துத் திருத்தி, அப்புறம் டைப் செய்தது. நோட்டை நீட்டினேன். வாங்கக்கூட இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சாஃப்ட்வேர் சொல்லுதும்மா, நான் என்ன பண்ண?" என்றார். மார்க் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஆங்கிலத்துறை:
கைடை மட்டும் குறை சொல்லாதீர்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் தாண்டினால் நாங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். என் மாணவன் ஒருவன் செமினார் பேப்பரில் ஒரு நூலை மேற்கோள் காட்டியிருந்தான், பக்க எண்ணோடு. நூலகரும் நானும் தேடினோம், அப்படி ஒரு நூலே உலகத்தில் இல்லை. "எங்கேப்பா படித்தாய்?" என்றதும் தலை குனிந்தவன் நிமிரவே இல்லை, ஏஐ இட்டுக்கட்டிய நூல் அது.

தரவுப்பித்தன்:
சார், அந்த 10 சதவீதம் வேறு, இது வேறு. அது அடுத்தவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்கிற கணக்கு. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான். ஏஐ சதவீதம் வெறும் ஊகம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ வெளியிட்ட கண்டறியும் கருவியே, அவர்கள் சோதனையில், ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் அவர்களே நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கருவிகளை டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் ஓட்டிப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று வந்தது, அத்தனையும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதியவை. எளிய சொற்களில், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும்படி எழுதினால் கருவி சந்தேகப்படும். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகள் வேறு எப்படி எழுதுவார்கள்? உங்கள் மாணவனைப் பிடித்தது கருவி இல்லை சார், நீங்கள் கேட்ட கேள்வி.

ஒன்பதாம்வகுப்பு_மிஸ்:
என் வகுப்பில் ஒருத்தி வட்டிக் கணக்குக்கு மூன்று விடை எழுதி மூன்றையும் அடித்திருந்தாள். "ஏஐகிட்ட தப்புன்னு சொன்னா உடனே சாரி சொல்லி வேற விடை தருது மிஸ், சரியா சொன்னப்பவும் மாத்திடுச்சு" என்றாள். உண்மையிலேயே முதல் விடைதான் சரி.

வைகைக்கரை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இனி எது எழுதினாலும் கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், எப்போது எந்த வரி மாறியது என்று அதில் பழைய பதிப்புகள் இருக்கும். நோட்டில் எழுதினால் அன்றன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள், தேதி பதிவாகிவிடும். சதவீதத்தைக் காட்டினால் வாக்குவாதம் வேண்டாம், "எந்தப் பத்தியை வேண்டுமானாலும் கேளுங்கள், இப்போதே விளக்குகிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். மறுத்தால் துறைத்தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.